தொட்டிக்குள் ஒரு வசந்தம்

தில்லியின் குளிர்காலப் பூக்களுக்கு இப்போது எதிரி, முந்திக்கொண்டு வரும் வெயில்

பிப்ரவரி பிறந்ததும் தில்லிக்கு வேறு முகம் வந்துவிடுகிறது. மூடுபனி விலகி வெயில் இதமாகும் நாட்களில், குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைக் காணக் கூட்டம் கூடுகிறது. 2023இல் முகலாயத் தோட்டம் அம்ருத் உத்யான் ஆனது; கூட்டம் மட்டும் மாறவில்லை. அங்கே 15 ஏக்கரில் விரியும் வண்ணங்களை அடுக்குமாடிவாசிகள் பத்து அங்குலத் தொட்டிக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

முகம் வரைந்தது போன்ற பேன்சி, கிள்ளினால் வாய் திறக்கும் 'டாக் ஃபிளவர்', பெட்டூனியா, ஃபிளாக்ஸ், காலண்டுலா எல்லாமே ஓராண்டுக்குள் வாழ்ந்து முடிப்பவை. செப்டம்பர் கடைசியில் விதைத்து, நவம்பருக்குள் நாற்றைத் தொட்டிக்கு மாற்றினால் வசந்தத்தில் பலன். பொறுமையில்லாதவர்களுக்கு நர்சரிகளில் பூத்த செடியே தொட்டியோடு கிடைக்கிறது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பூ நிறைந்த செடியைவிட மொட்டு நிறைந்த செடியே காசுக்கு லாபம்.

இந்தப் பூக்களில் பலவற்றின் தாயகம் வெளிநாடு. ஆனால் விதை உற்பத்தியில் இந்தியாவும் சளைத்ததல்ல. பஞ்சாபின் சங்ரூர், பாட்டியாலா பகுதிகளில் வயல்வயலாகப் பூக்களை வளர்த்து, விதையை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள்.

பிரச்சினை வேறிடத்தில். 2022 மார்ச், அதுவரையிலான 122 ஆண்டுகளில் நாடு கண்ட வெப்பமான மார்ச். அடுத்து வந்த 2023 பிப்ரவரியும் பகல் வெப்பத்தில் 1901க்குப் பிந்தைய சாதனை படைத்தது. பாதரசம் 30 டிகிரியைத் தாண்டினால் பேன்சி துவள்கிறது. காம்பு நீண்டு பூ சிறுக்கிறது. மார்ச் கடைசி வரை நின்ற காட்சி முன்னதாகவே கலைந்துவிடுகிறது.

வெயிலைத் தடுக்க முடியாது, ஏமாற்றலாம். மண்தொட்டியின் சுவரில் ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேரைச் சுட்டுவிடும். இரண்டு பங்கு தோட்ட மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய சாணம், ஒரு பங்கு மணல் போதும். அடியிலுள்ள துவாரம் அடைபடக்கூடாது. உயரமான டாக் ஃபிளவர் நடுவில், பேன்சி சுற்றிலும், தொங்கும் பெட்டூனியா விளிம்பில் என்று நட்டால் ஒரே தொட்டி பூங்கொத்தாகிவிடும். காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் வேரடியில் தண்ணீர். மார்ச் பிறந்ததும் தொட்டிக்குப் பிற்பகல் நிழல் அவசியம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், வாடிய பூவை உடனே கிள்ளுவது. விதை கட்டிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடும். கிள்ளக் கிள்ள, விதைக்காக மீண்டும் மீண்டும் பூக்கும்.

ஏப்ரலில் தில்லித் தொட்டிகள் காலியாகும்போது, ஊட்டியில் இதே பூக்கள் மே மாத மலர்க் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். தில்லியின் அனுபவசாலி மாலிகளோ கடைசி காலண்டுலாக்களை மட்டும் கிள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த செப்டம்பருக்கு விதை வேண்டுமே!