விக்டோரியா நினைவு மண்டபம், கொல்கத்தா

விக்டோரியா நினைவு மண்டபம் கொல்கத்தாவில் உள்ள வெண்பளிங்குக் கட்டடமாகும். பிரித்தானிய அரசி விக்டோரியாவின் நினைவாகக் கட்டப்பட்ட இது, இன்று அருங்காட்சியகமாகச் செயல்படுகிறது. மைதான் எனப்படும் பெரும் புல்வெளியின் தெற்கில், ஐம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட பூங்காவின் நடுவே இது நிற்கிறது.

வரலாறு

1901 சனவரியில் அரசி இறந்ததும், அப்போதைய தலைமை ஆளுநர் கர்சன் பிரபு இத்திட்டத்தை முன்வைத்தார். செலவுக்கான பணம் சிற்றரசர்களிடமும் செல்வந்தர்களிடமும் நன்கொடையாகத் திரட்டப்பட்டது. பழைய பிரசிடென்சி சிறை இருந்த இடமே இதற்கென ஒதுக்கப்பட்டது. 1906 சனவரி 4 அன்று, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1921-இல் திறப்பு விழா நடந்தது. இதற்கிடையே, 1911-இல் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வெளியானது. எனவே தலைநகருக்கெனத் திட்டமிடப்பட்ட மண்டபம், முடிவில் ஒரு மாகாண நகரில் எழுந்தது.

கட்டட அமைப்பு

வில்லியம் எமர்சன் இதனை வடிவமைத்தார். கொல்கத்தாவின் மார்ட்டின் நிறுவனம் கட்டியது. ஐரோப்பியக் கட்டடக்கலையுடன் முகலாயக் கூறுகளும் இதில் கலந்துள்ளன. தாஜ்மகாலுக்குப் பயன்பட்ட அதே மக்ரானா பளிங்கு, இராஜஸ்தானிலிருந்து கொண்டுவரப்பட்டது. நடுக் குவிமாடத்தின் உச்சியில் வெற்றித் தேவதையின் வெண்கலச் சிலை உள்ளது. காற்று பலமாக வீசும்போது திரும்பும் வகையில் அது பொருத்தப்பட்டுள்ளது.

பூங்கா

ரெடெஸ்டேல் பிரபுவும் தாவரவியலாளர் டேவிட் பிரேனும் தோட்டத்தை வடிவமைத்தனர். குளங்கள், புல்வெளிகள், நிழல் மரங்கள் ஆகியவற்றினூடே நடைபாதைகள் செல்கின்றன. கர்சன், பென்டிங்க், ரிப்பன் ஆகியோரின் சிலைகளுடன், தொழிலதிபர் இராஜேந்திரநாத் முகர்ஜியின் சிலையும் இங்குண்டு. மார்ட்டின் நிறுவனத்தின் பங்குதாரரான இவருக்கு மண்டபத்தைக் கட்டியதில் பெரும் பங்கு உண்டு. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோருக்கும் மாலையில் காற்று வாங்க வருவோருக்கும் இது நகரின் முக்கியமான திறந்தவெளியாகும்.

பளிங்கும் காற்று மாசும்

பளிங்கு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு ஆகும். வாகனப் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் உள்ள கந்தக டைஆக்சைடு, ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிப் பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றுகிறது. அதில் கரித்துகள் ஒட்டுவதால் கல் கறுக்கிறது. அழுக்கைச் சுரண்டி எடுத்தால் பளிங்கும் சிறிது கரைந்துபோகும். எனவே அடிக்கடி கழுவுவது மட்டும் தீர்வாகாது. புகையைக் குறைப்பதே நிலையான வழி. எஸ்பிளனேடு பேருந்து நிலையத்தை அகற்றுமாறு 2007-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட்டதற்கு இம்மண்டபத்தின் பாதுகாப்பும் ஒரு காரணமாகும். சுற்றியுள்ள மரங்கள் தூசியை ஓரளவு தடுப்பதால், பூங்கா கட்டடத்திற்கு அழகு மட்டுமன்றிக் காப்பும் ஆகிறது.

பார்வையிடல்

மைதான், இரவீந்திர சதன் ஆகிய மெட்ரோ நிலையங்களிலிருந்து நடந்தே வரலாம். அருங்காட்சியகத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை. பூங்காவிற்குத் தனி நுழைவுச்சீட்டு உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவாக இருப்பதால் அக்காலம் ஏற்றது. உள்ளே, வெரெஷ்சாகின் தீட்டிய செய்ப்பூர் ஊர்வல ஓவியம் தவறாமல் காணவேண்டியது. அருகிலேயே புனித பவுல் பேராலயமும் பிர்லா கோளரங்கமும் உள்ளதால், ஒரே நாளில் மூன்றையும் பார்க்க முடியும்.