துருவுக்கும் ஒரு வரிசை உண்டு: மாதிரி ரயில் வண்டிகளுக்கு முதுமை பூசும் அறிவியல்

ரயில்வே மாதிரிக் கலையில் ஒரு பயணிகள் பெட்டியையோ சரக்கு வேகனையோ அளவு குறைத்துத் துல்லியமாகச் செய்து முடிப்பது பாதி வேலைதான். அந்த வண்டி பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கரிப்புகையிலும் ஓடித் தேய்ந்த தோற்றத்தை அதன் மேல் வரவழைப்பது மீதிப் பாதி. ‘வெதரிங்’ என்று இக்கலைஞர்கள் அழைக்கும் இவ்வேலை மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு அழுக்குப் பூசுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது வேதியியலையும் ஒளியியலையும் கைத்திறனோடு இணைக்கும் நுண்கலையாகும். வண்டியின் உடலில் காணப்படும் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை அறிந்து பூசப்பட்ட கறைதான் பார்ப்பவரை நம்பவைக்கிறது.

இதை விளக்கப் பிரிட்டனின் 16 டன் நிலக்கரி வேகன் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1948 ஜனவரி 1 அன்று நாட்டுடைமையான பிரிட்டிஷ் ரயில்வே, தன் கைக்கு வந்து சேர்ந்த பழைய மர வேகன்களுக்கு மாற்றாக, எஃகுத் தகட்டாலான இந்த நான்கு சக்கர வேகனை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டியது. சுரங்கத்திலிருந்து மின் நிலையங்களுக்கும் எரிவாயு ஆலைகளுக்கும் சிற்றூர் ரயில் நிலையங்களின் நிலக்கரிக் கிடங்குகளுக்கும் ஓயாமல் ஓடிய இவற்றில், எஞ்சினிலிருந்தே இயக்கக்கூடிய வெற்றிடப் பிரேக் பொருத்தியவை ‘பாக்சைட்’ எனப்பட்ட செம்பழுப்பிலும், கைப்பிரேக் மட்டுமே உள்ளவை சாம்பல் நிறத்திலும் பூசப்பட்டன. பிரிட்டனில் மிகப் பரவலாகப் புழங்கும் ‘டபுள் ஓ’ அளவில் அசலின் ஒவ்வோர் அடியும் 4 மி.மீ. ஆகச் சுருங்குகிறது, அதாவது விகிதம் 1:76.2. பதினாறரை அடி நீளமுள்ள வேகன் 66 மி.மீ. நீளத்திலும், அதன் 9 அடி அச்சு இடைவெளி 36 மி.மீ. அளவிலும் அமைகின்றன. உள்ளங்கையில் அடங்கிவிடும் இப்பொருளின் மேல்தான் பல்லாண்டு உழைப்பின் தடயங்கள் அனைத்தும் இடம்பெற வேண்டும்.

சுருங்க மறுப்பவை

வண்டியைச் சுருக்கலாம், ஆனால் வண்ணப் படலத்தின் தடிமனும் தூசித் துகளின் பருமனும் ஒளியின் இயல்பும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுவதில்லை. மாதிரியின் மேல் பூசப்படும் ஒரு படலம் 25 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு தடிமன் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அசல் வேகனின் அளவில் அது ஏறத்தாழ 1.9 மி.மீ. தடிமனுக்குச் சமமாகிறது. அத்தகைய படலங்கள் மூன்று சேர்ந்தால் ரிவெட் தலைகளும் கதவு விளிம்புகளும் மழுங்கிவிடும் என்பதால், வண்ணத்தை எவ்வளவு மெலிதாகப் பூச முடியுமோ அவ்வளவு மெலிதாகப் பூசுவது இக்கலையின் முதல் விதியாகிறது. அழுத்தப்பட்ட காற்று குறுகிய வாயின் வழியே விரைந்து வெளியேறும்போது அங்கு அழுத்தம் குறைந்து, அது வண்ணத்தை உறிஞ்சி நுண்துளிகளாகச் சிதறடிக்கும் இயக்கத்தில் செயல்படும் ‘ஏர்பிரஷ்’ கருவி இதற்கு ஏற்றது. ஆயினும் கருவியை மிகத் தொலைவில் பிடித்தால் துளிகள் வழியிலேயே உலர்ந்து பரப்பில் சொரசொரப்பாகப் படியும். மிக அருகில் பிடித்தால் வண்ணம் திரண்டு வழிந்தோடும்.

ஒளியின் சிக்கல் இன்னும் நுட்பமானது. வெட்டவெளியில் நேர் வெயிலின் ஒளிச்செறிவு ஒரு லட்சம் லக்ஸ் அளவை எட்டக்கூடும். வீட்டு அறையின் விளக்கொளியோ சில நூறு லக்ஸ் மட்டுமே. ஒளி குறையக் குறைய நிறங்களின் செழுமையும் கண்ணுக்குக் குறைந்து தெரியும் என்பதால், அசலுக்குப் பூசிய அதே வண்ணத்தை மாதிரிக்கும் பூசினால் அது இருண்டும் கனத்தும் காட்சியளிக்கும். அதனால்தான் தேர்ந்த கலைஞர்கள் தூய கறுப்பை அறவே தவிர்த்து, சாம்பலும் பழுப்பும் கலந்த கறுப்பைப் பயன்படுத்துகிறார்கள். தூய வெள்ளையையும் சற்றே மங்கவைக்கிறார்கள். பளபளப்பும் இப்படியே கட்டுப்படுத்தப்பட வேண்டியது. அசல் வண்டியின் மெருகில் அகன்ற வானம் பிரதிபலிக்கிறது. மாதிரியின் மெருகிலோ அறை விளக்கு ஒரு வெண்புள்ளியாக மின்னி, அதைப் பிளாஸ்டிக் பொம்மையாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நுண்ணிய சிலிகாத் துகள்கள் கலந்த மங்கல் வார்னிஷ், பரப்பை ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடுகையில் கரடாக்கி ஒளியைப் பல திசைகளிலும் சிதறச் செய்வதால், இந்தக் குறை நீங்குகிறது.

துரு பிறக்கும் இடங்கள்

எஃகு வேகனின் முதுமை துருவில் தொடங்குகிறது. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவாகும் நீரேறிய இரும்பு ஆக்சைடுகளின் கலவையே துரு. புதிதாகப் பிறந்த துருவில் லெபிடோகுரோசைட் என்னும் கனிமம் மிகுந்திருப்பதால் அது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது. நாளடைவில் அது கோயதைட் போன்ற நிலையான கனிமங்களாக மாறும்போது நிறம் ஆழ்ந்த பழுப்பை அடைகிறது. எனவே ஆரஞ்சு நிறத் துரு அண்மைக் காயத்தின் அடையாளம், கரும்பழுப்புத் துரு பழைய காயத்தின் அடையாளம் என்று கொள்ளலாம். வேகன் முழுவதும் ஒரே ஆரஞ்சு நிறத்தைப் பூசுவது, எல்லாக் காயங்களும் ஒரே வாரத்தில் ஏற்பட்டவை என்று சொல்வதாகிவிடும்.

துரு தோன்றும் இடங்களும் தற்செயலானவை அல்ல. வண்ணப் படலம் மெலிந்திருக்கும் கூர் விளிம்புகள், தகடுகளைப் பற்றவைத்த இணைப்புகள், நீர் தேங்கும் கதவின் அடிப்பகுதி, நிலக்கரி விழும்போது உள்ளிருந்து அடிபட்டு வெளியே புடைத்த இடங்கள் ஆகியவற்றில்தான் அது முதலில் தலைகாட்டுகிறது. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுவதால், அது தன் மேலுள்ள வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கிப் பிளந்து உதிர்க்கிறது. அந்தப் பிளவின் வழியே மேலும் நீர் புகுந்து துரு பக்கவாட்டில் பரவுகிறது. நிலக்கரியிலுள்ள கந்தகமும், 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் நகரங்களின் காற்றில் மிகுந்திருந்த கந்தக டை ஆக்சைடும் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி இந்த அழிவை விரைவுபடுத்தின. வேகனின் உட்புறத்தில் நிலைமை வேறு: ஒவ்வொரு சுமையும் சுவர்களை உரசிச் செல்வதால் அங்கே வண்ணம் தங்குவதே இல்லை, முழுப் பரப்பும் துருவாலும் கரித்தூளாலும் மூடப்பட்டிருக்கும்.

காலத்தின் வரிசை, வண்ணத்தின் வரிசை

இங்கேதான் இக்கலையின் மையக் கொள்கை வெளிப்படுகிறது: அசல் வண்டியில் நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தனவோ அந்த வரிசையை மாதிரியின் வண்ணப் படலங்களும் பின்பற்ற வேண்டும். எஃகு முதலில், அதன் மேல் வண்ணம், பிறகு எழுத்துகள், பிறகு துரு, இறுதியாகத் தூசி என்பதே அந்த வரிசை. பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில் வேகனுக்கு முதலில், வண்ணத்துக்கு அடியிலுள்ள எஃகின் இடத்தில், துருவின் பல பழுப்புச் சாயல்கள் பூசப்பட்டு, அது உலர்ந்தபின் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே ஒரு படலமாகத் தெளிக்கப்படுகிறது. அதன் மேல் சாம்பல் நிற அக்ரிலிக் வண்ணம் பூசப்படுகிறது. சற்று நேரம் கழித்து ஈரத் தூரிகையால் விளிம்புகளை மெல்லத் தட்டினால், நீர் அக்ரிலிக் படலத்தை ஊடுருவிக் கீழுள்ள ஹேர் ஸ்பிரேயை இளக்குகிறது. மேல் வண்ணம் ஒழுங்கற்ற செதில்களாகப் பெயர்ந்து உள்ளிருக்கும் துருவைக் காட்டுகிறது. தூரிகையால் வரைந்த துருப்புள்ளியில் வராத இயல்பு இதில் வருவதற்குக் காரணம், அசலில் நடந்த உரிதலே இங்கும் நடப்பதுதான்.

எண்களும் எழுத்துகளும் நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்களாக இடப்படுகின்றன. கரடான பரப்பில் ஒட்டினால் படலத்துக்கு அடியில் சிக்கும் காற்று ஒளியைச் சிதறடித்து வெள்ளி நிறத் திட்டுகளாகத் தெரியும் என்பதால், முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி, அதன் மேல் எழுத்துகளை ஒட்டி, பின்னரே மங்கல் வார்னிஷ் பூசப்படுகிறது. அடுத்து வரும் ‘வாஷ்’ என்பது மிகவும் நீர்க்கக் கரைத்த எனாமல் வண்ணம். அது நுண்புழை ஈர்ப்பால் பற்றவைப்புக் கோடுகளிலும் ரிவெட்டுகளின் அடியிலும் தானாகவே போய்த் தங்குகிறது. அக்ரிலிக் வண்ணம் நீர் ஆவியானதும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து உறைவது. அதை ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெட்ரோலியக் கரைப்பான் எளிதில் கரைப்பதில்லை. ஆகவே அதன் மேல் பூசிய எனாமலை அந்தக் கரைப்பானில் நனைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால், அடி வண்ணம் சேதமடையாமல், மழைநீர் வழிந்த கோடுகள் மட்டும் எஞ்சுகின்றன.

கடைசியாக வருவது தூசி. இதற்கு நிறமித் தூள் பயன்படுகிறது. 10 மைக்ரோமீட்டர் பருமனுள்ள துகள்கூட அசல் அளவில் முக்கால் மில்லிமீட்டர் மணலுக்கு ஒப்பாகும் என்பதால் தூள் மிக நுண்மையாக இருக்க வேண்டும். அதன் மேல் வார்னிஷ் தெளித்தால், துகள்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தை வார்னிஷ் நிரப்பி, ஒளிச்சிதறல் குறைந்து, நிறம் சட்டென இருண்டுவிடும். எனவே தேவைக்குச் சற்று வெளிறிய தூளையே தேர்ந்தெடுப்பது வழக்கம்.

மரத்தின் முதுமை, சரக்கின் கையெழுத்து

எஃகு வேகன்களோடு ஒரே தொடரில் ஓடிய பழைய மர வேகன்களின் முதுமை முற்றிலும் வேறானது. 1939-இல் போர் தொடங்கியதும் சுரங்க நிறுவனங்களின் வேகன்கள் பொதுப் பயன்பாட்டில் இணைக்கப்பட்டன. அதன் பின் அவற்றுக்கு மறுவண்ணம் பூசுவது அரிதாயிற்று. வண்ணம் உதிர்ந்த பலகையில், மர இழைகளைப் பிணைக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைக்க, மழை அதைக் கழுவிச் செல்ல, எஞ்சிய செல்லுலோஸ் இழைகள் வெள்ளிச் சாம்பல் நிறம் பெற்றன. உடைந்த பலகைக்குப் பதிலாக வண்ணமே பூசாத புதுப் பலகை பொருத்தப்பட்டபோது, பக்கவாட்டில் எழுதியிருந்த பழைய நிறுவனப் பெயர் நடுவே அறுபட்டு நின்றது. ஆகையால் மாதிரியில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனிச் சாயல் தர வேண்டும்.

ஏற்றிய சரக்கும் வண்டியில் தன் கையெழுத்தை விட்டுச் செல்கிறது. சிமென்ட் வேகனில் ஏற்றும் துளையைச் சுற்றிச் சிந்திய தூள் மழையில் நனைந்து கெட்டியாகிச் சாம்பல் கோடுகளாக இறங்கும். கார்ன்வால் பகுதியின் வெண்களிமண்ணை ஏற்றிய மர வேகன்கள் வெண்தூசியில் மூழ்கியிருக்கும். எண்ணெய்த் தொட்டி வேகனில் மூடியிலிருந்து வழிந்த கறை பளபளப்பாக நிற்கும்.

பயணிகள் பெட்டியின் தூய்மை

பயணிகள் பெட்டிகளில் இந்தத் தருக்கம் தலைகீழாகிறது. அங்கே அழுக்கைவிட அதைக் கழுவிய தடமே முதன்மையானது. 1949 முதல் கருஞ்சிவப்பும் கிரீமுமாகவும், 1956 முதல் மெரூன் நிறத்திலும், 1965-க்குப் பின் நீலமும் சாம்பலுமாகவும் பூசப்பட்ட பிரிட்டிஷ் பெட்டிகளைச் சுழலும் தூரிகைகள் கொண்ட இயந்திரங்கள் கழுவின. தூரிகை எட்டும் நடுப்பரப்பு மெருகு குன்றாமல் இருக்க, கைப்பிடிகளைச் சுற்றியும் ஜன்னல் மூலைகளிலும் அழுக்கு தங்கியது. தூரிகை தொடாத முனைச் சுவர்களும் கூரையும் கரியேறிக் கிடந்தன. அடிச்சட்டகத்தின் பழுப்புக்குக் காரணம் பிரேக்: வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை சக்கரத்தோடு உரசும்போது பறக்கும் இரும்புத் துகள்கள் காற்றிலும் ஈரத்திலும் துருவாகி அங்கே படிகின்றன. கைப்பிரேக் மட்டுமே உள்ள வேகனிலோ ஓட்டத்தின்போது பிரேக் கட்டை பெரும்பாலும் சக்கரத்தைத் தொடுவதில்லை என்பதால், அதன் அடிப்பகுதியில் பாதைத் தூசியும் அச்சுப் பெட்டியிலிருந்து கசிந்த எண்ணெயின் கருமையும் மேலோங்கி நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே பழுப்பைப் பூசுபவர், இரண்டும் ஒரேவிதமாக நின்றன என்று தவறாகச் சொல்லிவிடுகிறார்.

இக்கலையின் மதிப்பு பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. பாதுகாக்கப்பட்ட அசல் வேகன்கள் பெரும்பாலும் புதுவண்ணம் பூசப்பட்டே காட்சிக்கு நிற்கின்றன. அவற்றைக் காக்க அது அவசியமே என்றாலும், உழைத்த நாட்களில் அவை எப்படி இருந்தன என்பதை அந்தப் புதுமெருகு சொல்வதில்லை. ஆக்ஸ்போர்டுஷயரில் ராய் இங்லண்ட் நிறுவிய பென்டன் அருங்காட்சியகம், 1920, 30-களின் ஆங்கில நாட்டுப்புறத்தை இதே 4 மி.மீ. அளவில் வரலாற்று ஆவணமாகவே உருவாக்கிவருவது, மாதிரிக் கலையை எவ்வளவு பொறுப்போடு கையாள முடியும் என்பதற்குச் சான்று. பழைய நிழற்படங்களை ஊன்றிப் பார்த்து, ஒவ்வொரு கறையின் காரணத்தையும் கேட்டறிந்து, உரிய வரிசையில் பூசப்பட்ட ஒரு 66 மி.மீ. வேகன், நிலக்கரியால் இயங்கிய ஒரு நாட்டின் தொழில் வரலாற்றுக்கும், அந்த வேகன்களை ஏற்றி இறக்கி ஓட்டிய உழைப்பாளிகளின் அன்றாடத்துக்கும் நம்பத்தகுந்த சாட்சியாகிறது.