தாயின் காய்ச்சலும் சேயின் உணவும்

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. தொடர்ந்து பரவிய மலேரியாவில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகள் பேரிழப்புக்கு ஆளாயின.

பம்பலப்பிட்டிக்குச் சில கல் தொலைவிலுள்ள டி சொய்சா பிரசவ விடுதியில் மகப்பேற்று மருத்துவராயிருந்த ஜீ. ஏ. டபிள்யூ. விக்கிரமசூரிய, இந்நோயுற்ற கருப்பவதிகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். 1937இல் வெளிவந்த அவருடைய நூல், கருப்பவதிகளின் மலேரியாவையும் கொளுக்கிப்புழு நோயையும் ஒருங்கே ஆராய்வது. கருச்சிதைவும் குறைமாதப் பேறும் எடை குன்றிய பிள்ளைகளும் இந்நோயின் விளைவுகள். நோய்க்கிருமி சேயை எட்டாதபோதும் சேய் மெலிவதேன்?

விடை சூல்வித்தகத்தில் உள்ளது. நஞ்சுக்கொடி என மக்கள் வழங்குவது இதனையே. தாயின் குருதியும் சேயின் குருதியும் இங்கே கலப்பதில்லை. இடையே மெல்லிய சுவர் நிற்கின்றது. இதனை வடிகட்டி என்பார் பலர். அவ்வுவமை பாதி உண்மையே. ஒட்சிசன் தானாகவே ஊடுருவும். குளுக்கோசைக் காவிப் புரதங்கள் கடத்தும். அமினோ அமிலங்களோ தாயின் குருதியிலும் சேயின் குருதியிலேயே செறிவு மிக்கவை. ஆகவே அவற்றைச் சேயிடம் சேர்ப்பது மேட்டுக்கு நீர் இறைப்பது போன்றது. அதற்குச் சக்தி செலவாகும்.

பல்சிபாரம் என்னும் மலேரியாக் கிருமி புகுந்த செங்குழியங்கள் சூல்வித்தகச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை அழிக்கத் தாயின் வெண்குழியங்கள் திரள்கின்றன. அவை சுரக்கும் பொருள்களால் அழற்சி மூள்கின்றது. மலாவி நாட்டுத் தாய்மாரின் சூல்வித்தகங்களை ஆராய்ந்தபோது, அழற்சி மிக்கவற்றில் அமினோ அமிலக் கடத்தல் குறைந்திருந்தது. கிருமி இருந்தும் அழற்சி மூளாதவற்றில் அத்துணைக் குறைவில்லை. தாயிடமிருந்து சேய் பெறும் பிறபொருளெதிரிகளும் இந்நோயினால் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. கிருமியைக் கொல்ல எழுந்த படையே சேயின் உணவு வழியை மறிக்கின்றது என்பது விந்தையே.

எனினும் அழற்சி என்றாலே வழி அடைபடும் என முடிவுகட்டுதல் பொருந்தாது. ஆய்வுகூடத்தில் வளர்த்த சூல்வித்தகக் கலங்களில், அழற்சிப் பொருள்களுள் ஒன்று அமினோ அமில உள்ளெடுப்பைக் குறைக்க, வேறு சில அதனைக் கூட்டின.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும் பிறநாடு சென்று மீள்வோர் சிலர் அந்நோயுடன் வருகின்றனர். மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோர்க்கு மலேரியாத் தடை இயக்கம் தடுப்பு மருந்தை இலவசமாக வழங்குகின்றது. கருவுற்றோர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அம்மருந்துகளுள் சில கருவுக்கு ஆகாதவை.