‘எண்ணூர்’ என்று அச்சிட ஒன்பது ஆண்டுகள்

திருவொற்றியூர் என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால் தமிழ் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணி ஏழு என்பார்கள்: தி, ரு, வொ, ற், றி, யூ, ர். கணினி மொழிகளிடம் அதே பெயரின் நீளத்தைக் கேட்டால் மூன்று விதமான விடை வருகிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் 7 என்கிறது. பைத்தான் 14 என்கிறது. கூகுளில் பிறந்த கோ மொழி 42 என்கிறது. மூன்றும் சரியே. ஸ்விஃப்ட் நம்மைப் போல எழுத்தை எண்ணுகிறது. பைத்தான் யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. ‘தி’ என்பது அதன் கணக்கில் தகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ஆக இரண்டு. கோ மொழி பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்.

எதை எண்ணுவது என்பது மொழியை உருவாக்கியவர்களின் முடிவு. கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடரலாம். ஆனால் அதே மொழி, அதே நிரல், அதே பெயர் என்று இருந்தும் லினக்ஸில் ஓடுவது விண்டோஸில் விழுந்தால் அது பிழை. அந்தப் பிழையைப் பெரும்பாலும் நிரல் எழுதியவரின் வரிகளில் தேடிப் பயனில்லை. நிரலுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் இருக்கும் ரன்டைமில்தான் தேட வேண்டும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பட்டையில் இந்த நடுப்பகுதிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஒரு கன்டெய்னர் யார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேட் அலுவலகத்து மேசையில் இருப்பது விண்டோஸ். தலைமை அலுவலகத்தின் சர்வர் லினக்ஸ். மென்பொருளை எழுதிக் கொடுத்த இளைஞரின் மடிக்கணினி மேக். ட்ரெய்லர் ஓட்டுநரின் கையில் ஆண்ட்ராய்டு. ஓட்டுநர் பெயர், ஊர், வண்டி எண் அடங்கிய ஒரே பட்டியல் இந்த நான்கின் வழியாகவும் போய் வருகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் இரும்புப் பெட்டிகள் கப்பலிலும் ரயிலிலும் ட்ரெய்லரிலும் மாறி மாறி ஏறுவதற்குக் காரணம், அவற்றின் மூலைகளில் உள்ள ஒரே அளவான துளைகள். எங்கே வைத்தாலும் ட்விஸ்ட் லாக் என்ற பூட்டு அதில் மாட்டும். நிரலுக்கு அந்த வேலையைச் செய்வது ரன்டைம். ‘கோப்பைத் திற’, ‘திரையில் காட்டு’, ‘மணி என்ன’ என்று நிரல் பொதுவாகக் கேட்கிறது. அதை விண்டோஸுக்கு விண்டோஸ் முறையிலும் லினக்ஸுக்கு லினக்ஸ் முறையிலும் கேட்டு வாங்கித் தருவது ரன்டைமின் பொறுப்பு. துளை ஓரிடத்தில் சற்று விலகியிருந்தால் சரக்கு எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தாலும் பெட்டி உட்காராது.

அப்படி விலகியிருந்த ஓரிடத்தை நெருங்கிப் பார்க்கலாம். பைத்தானின் பிழைப் பட்டியலில் 1602 என்ற எண்ணோடு 2007 டிசம்பரில் ஒரு புகார் பதிவானது. விண்டோஸின் கறுப்புத் திரையில், அதாவது கன்சோலில், யூனிகோடு எழுத்துகளை அச்சிட முடியவில்லை என்பதே புகார். பைத்தான் 3.0 அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. எல்லாச் சொற்களையும் யூனிகோடாகவே வைத்துக்கொள்ளும் பதிப்பு அது. உலகின் எல்லா மொழிகளையும் உள்ளே சரியாக வைத்துக்கொண்ட ஒரு மொழியால், விண்டோஸ் திரையில் அவற்றை வெளியே சொல்ல முடியவில்லை.

காரணம் இது. விண்டோஸ் கன்சோலுக்குள் போக இரண்டு வழி உண்டு. ஒன்று பழையது, பைட்டுகளாகக் கொடுக்க வேண்டும், கன்சோல் அதைத் தன் கோட்பேஜ் அட்டவணையை வைத்து எழுத்தாக மாற்றிக்கொள்ளும். மற்றது யூனிகோடை நேரடியாக வாங்கிக்கொள்ளும் வழி. மைக்ரோசாஃப்டின் சி மொழி நூலகம் வழியாகப் போன பைத்தான் பழைய வழியையே பிடித்தது. மேற்கத்திய மொழிகளுக்கான அட்டவணையில் 256 இடம்தான். தமிழுக்கென்று விண்டோஸ் கன்சோலில் அப்படியொரு அட்டவணையே கிடையாது. தமிழ் அங்கே யூனிகோடாகவே நுழைந்த மொழி. ஆகவே தமிழ் எழுத்து வந்தவுடன் ‘இதைக் குறியீடாக்க முடியாது’ என்று சொல்லிப் பைத்தான் நிரலை நிறுத்திவிடும். பட்டியலின் நாற்பதாவது வரியில் முதல் தமிழ்ப் பெயர் வந்தால் நாற்பதாவது வரியில் வேலை நின்றது.

கோட்பேஜை 65001 என்று மாற்றினால் கன்சோல் யூடிஎஃப்-8 பேசும் என்று பலர் அந்த வழியை முயன்றார்கள். அங்கே வேறொரு பள்ளம் இருந்தது. ‘எண்ணூர்’ என்பதை எடுத்துக்கொள்வோம்: எ, ண, புள்ளி, ண, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஏழு குறியீடு, 21 பைட். பைத்தான் 21 பைட்டையும் கொடுத்து, எத்தனை எழுதினாய் என்று கேட்கும். விண்டோஸ் 7 வரையிலான கன்சோல், பைட் கணக்கைச் சொல்லாமல் குறியீட்டுக் கணக்கைச் சொன்னது: 7. உடனே பைத்தான், 14 பைட் இன்னும் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு, எட்டாவது பைட்டிலிருந்து மறுபடி அனுப்பும். எட்டாவது பைட் என்பது முதல் புள்ளியின் நடுப்பகுதி. அதனால் எண்ணூருக்குப் பின்னால் உடைந்த குறிகளும், அதைத் தொடர்ந்து ‘ணூர்’ என்ற வாலும் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருந்துவிடும், பிழை தலைகாட்டாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இப்படியொரு பிழை இருப்பதே தெரிந்திருக்காது.

தீர்வு 2016 டிசம்பரில் பைத்தான் 3.6 பதிப்போடு வந்தது. பைத்தானின் மையக் குழுவில் இருப்பவரும் மைக்ரோசாஃப்டில் பணியாற்றுபவருமான ஸ்டீவ் டவர் எழுதிய, 528 என்று எண்ணிட்ட முன்மொழிவு அது. கன்சோல் என்று தெரிந்தால் சி நூலகத்தை விட்டுவிட்டு, யூனிகோடை நேரடியாக வாங்கும் வழியில் போவது. ரன்டைமின் மேல் ஓடும் நிரலுக்கு மட்டும் ‘இது யூடிஎஃப்-8’ என்று சொல்லிக்கொள்வது. சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. ஆனால் திரைக்கு எழுதும் வழி வேறு, விசைப்பலகையிலிருந்து வாங்கும் வழி வேறு. இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்காகப் பழைய முறைக்குத் திரும்ப ஒரு சூழல் மாறியும் வைக்க வேண்டியிருந்தது. ரன்டைம் பிழையைத் திருத்துவது இதனால்தான் கடினம். ஒரு வரி மாறினால் அது யாருடைய எந்த நிரலைத் தொடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்பது ஆண்டுத் தாமதத்தை நான் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆண்டுகளின் விலையை, விண்டோஸில் நிரல் கற்கத் தொடங்கிய தமிழ் மாணவர்கள் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி பைத்தான் மேல் ஓடுவது. அதில் முதல் பாடமே ‘பதிப்பி’ என்ற கட்டளை. அடியில் இருக்கும் ரன்டைம் விண்டோஸில் தடுமாறினால் அந்த முதல் பாடமும் சேர்ந்து தடுமாறும்.

பழைய கன்சோலில் தமிழ் இன்றும் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அது எழுத்துருவின் குறை. நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், எண்ணூர் எண்ணூராகவே இருக்கும். எழுத்துருவின் குறையையும் ரன்டைமின் குறையையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதித் தொல்லை குறையும்.

2016 திருத்தம் கன்சோலுக்கு மட்டும்தான். அதே வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் விண்டோஸில் பழைய கோட்பேஜ் மறுபடி வந்துவிடும். ஒரு நிரலை எழுதும்போது கோப்பு யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. சொல்லாமல் விட்டதன் விளைவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு இட்ட ஆங்கிலச் சிற்றெழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரும் வரிசை. பைத்தான் 3.7இல் யூடிஎஃப்-8 முறை ஒரு விருப்பமாக வந்தது, 3.15 பதிப்பிலிருந்து அதையே இயல்பு நிலையாக்க முடிவாகியிருக்கிறது. ஜாவா இதை 2022 மார்ச்சில், 18ஆம் பதிப்பில் செய்துவிட்டது.

மேக் கணினியில் சிக்கல் வேறு மாதிரி. திருவொற்றியூரில் உள்ள ‘வொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: வகரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது வகரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலாவது 42 பைட், இரண்டாவது 45 பைட். ஆப்பிள் 1998 முதல் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். லினக்ஸ் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும். மேக்கில் ‘திருவொற்றியூர்’ என்று பெயரிட்ட கோப்பை லினக்ஸ் சர்வருக்கு ஏற்றிவிட்டு, நிரலில் அதே பெயரைத் தட்டச்சு செய்து திறக்கச் சொன்னால், ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று பதில் வரும். கோப்பு கண்ணெதிரே பட்டியலில் இருக்கும். கொருக்குப்பேட்டைக்கும் கொடுங்கையூருக்கும் இதே கதி. ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் வராது, அந்தப் பெயர்களில் ஒகரமோ ஓகாரமோ இல்லை. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறை, கொடுத்த வடிவை அப்படியே வைத்துக்கொள்கிறது. பழைய வட்டுகளிலிருந்து வரும் பெயர்கள் இன்னும் பிரிந்தே வருகின்றன. ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் செயல்கூறு பைத்தானிலும் ஜாவாவிலும் உண்டு. தமிழ்ப் பெயரைத் தேடும் எந்த நிரலிலும் அது இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

கோப்புப் பெயரின் நீளத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. விண்டோஸ் 255 குறியீடு வரை விடும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறை 255 பைட் வரை விடும். தமிழில் அது 85 குறியீடுதான். அரசு ஆணையின் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் வழக்கமுள்ள அலுவலகத்தில் இது நிச்சயம் இடிக்கும்.

நேரத்திலும் இதே கதை. நிரல்கள் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளாக நேரத்தை எண்ணுகின்றன. அதற்கு முந்தைய நாள் கழித்தல் எண். லினக்ஸின் சி நூலகம் கழித்தல் எண்ணை ஏற்கும்; மைக்ரோசாஃப்டின் நூலகம் மறுக்கும். அதன் மேல் உட்கார்ந்திருந்த பைத்தான், விநாடி எண்ணைத் தேதியாக மாற்றச் சொன்னால் நெடுங்காலம் விண்டோஸில் பிழை காட்டியது. 1962இல் பிறந்த ஒரு துறைமுகத் தொழிலாளியின் பிறந்த தேதியை விநாடிக் கணக்கில் சேமித்திருந்தால், ஓய்வூதியப் பட்டியல் சர்வரில் ஓடும், மேசைக் கணினியில் அவர் பெயரில் நிற்கும். 1970 ஜனவரி 1 என்ற தேதியோடு விநாடிகளைக் கூட்டிக் கணக்கிட்டால் எங்கும் ஒரே விடை கிடைக்கும்.

நேர மண்டலத் தரவு லினக்ஸில் பொதுவாகக் கூடவே வரும். இந்தியாவுக்கான பதிவில், ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில்கள் ஒருகாலத்தில் பின்பற்றிய மெட்ராஸ் நேரம்கூட இருக்கிறது: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே, 1905 முடியும்வரை. விண்டோஸில் இந்தத் தரவு இல்லாததால், பைத்தான் 3.9இல் வந்த நேர மண்டல நூலகத்துக்கு அங்கே தனித் தொகுப்பு ஒன்றை நிறுவ வேண்டும். நிறுவ மறந்தால், சோதனையில் ஓடிய நிரல் வாடிக்கையாளரின் கணினியில் நேர மண்டலத்தைக் கேட்கும் இடத்தில் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட பிழைகளைச் சந்தித்த அலுவலகங்கள் வழக்கமாக எடுக்கும் முடிவு, ‘பெயரை இங்கிலீஷிலேயே அடித்துவிடு’ என்பது. அந்த முடிவில் பிழை அப்படியே இருக்கிறது, தமிழ்தான் வெளியேறுகிறது. தமிழ் சிக்கலான மொழி என்ற பெயரும் சேர்ந்து நிலைத்துவிடுகிறது. பிழை இருக்கும் இடத்துக்குத் தகவல் போனால்தான் அது தீரும். அதற்கு வேண்டியது பெரிய அறிவல்ல: பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரல், ஐந்து வரிக்குள் இருந்தால் நல்லது, எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதன் எந்தப் பதிப்பு, மொழியின் எந்தப் பதிப்பு, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் அதே நிரல் என்ன செய்கிறது. கடைசித் தகவல்தான், தவறு நிரலிலா ரன்டைமிலா என்பதைத் திருத்துபவருக்குக் காட்டிக்கொடுக்கும். பைத்தானின் பிழைப் பட்டியல் 2022 முதல் கிட்ஹப்பில் இருக்கிறது, யாரும் எழுதலாம். திருத்தம் ஏற்கப்படும் முன் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் சோதனைகள் தானாக ஓடுகின்றன. உங்கள் ஐந்து வரி ஒரு சோதனையாக அங்கே சேர்ந்துவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு மாற்றமும் அதைத் தாண்டியே போக வேண்டும். வடசென்னையின் கல்லூரி மாணவர்கள் தங்கள் தெருப் பெயரை வைத்து இந்தச் சோதனைகளை எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

எந்த ரன்டைமும் தீர்க்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தோடும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ‘வொ’வின் இரண்டு வடிவங்களைப் போல இவற்றை யூனிகோடு சமமாகக் கருதுவதில்லை, ஏற்கெனவே உள்ள எழுத்துகளின் சமன்பாட்டு விதிகளை மாற்றுவதில்லை என்பது அதன் உறுதிமொழி. ஸ்ரீதர் என்ற பெயரை ஒரு கணினியின் விசைப்பலகை ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் பதிந்தால், ஒரே ஆள் பட்டியலில் இருவர் ஆகிறார். இரண்டு வடிவையும் தேடும் வரியை நிரல் எழுதுபவர்தான் தன் கையால் எழுத வேண்டும்.