அணைக்கும்போது மட்டும் கத்தும் பெல்ட்

டீசல் பாடம் – 9

"ஓடும்போது ஒரு சத்தமும் இல்லண்ணே. ஆஃப் பண்ற நேரத்துல மட்டும் முன்னால 'கீச்'னு கத்துது." லாரிப் பட்டறைகளுக்குப் பழக்கமான புகார் இது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஓட்டு" என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிடுவார்கள். சத்தம் சில நாள் அடங்கும், கோளாறு அப்படியே இருக்கும். சென்ற வாரம் பார்த்த வாட்டர் பம்ப்பைப் பல எஞ்சின்களில் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதனால் இந்தக் கீச்சைச் சின்ன விஷயமாக விட முடியாது.

ஏன் அணைக்கும்போது மட்டும்? பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் குறைவான காற்றே போகும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அந்தத் தடுப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் நிறையக் காற்று ஏறி, பதினாறு பதினேழு மடங்கு அழுத்தப்படுகிறது. டீசல் நின்றதும் அந்த அழுத்தமே எஞ்சினைப் பிடித்து நிறுத்துகிறது. கடைசிச் சுற்றில் கிராங்க் சற்றுப் பின்னோக்கி உதைப்பதும் உண்டு.

ஆல்டர்நேட்டரின் நிலை வேறு. அதன் புல்லி சிறியது. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் அது இரண்டரை, மூன்று சுற்று சுற்றும். எஞ்சின் ஐடிலில் 700 ஆர்.பி.எம். ஓடினால், உள்ளே இரும்பும் செம்புமாகக் கனக்கும் ரோட்டார் ஏறத்தாழ 2,000 ஆர்.பி.எம். ஓடும். கிராங்க் சட்டென்று நின்றாலும் ரோட்டார் நிற்காது. இவ்வளவு நேரம் பெல்ட்டால் இழுக்கப்பட்டது, இப்போது பெல்ட்டை இழுக்கிறது. இறுக்கமாக இருந்த பக்கம் தளர்கிறது, தளர்ந்த பக்கம் இறுகுகிறது. புல்லியின் மேல் பெல்ட் ஒரு கணம் வழுக்கும்போது வருவதுதான் அந்தக் கீச்.

இதற்காகவே புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டருக்கு ஒருவழிப் புல்லி வைக்கிறார்கள். பெடலை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடுகிறதே, அந்த ஃப்ரீவீல் ஏற்பாடுதான் இதன் உள்ளேயும் இருக்கிறது. பெல்ட் நின்றாலும் ரோட்டார் தனியே சுற்றி அடங்கும். இந்தப் புல்லி இறுகிப்போனால் கீச் வந்துவிடும். சோதிப்பது சுலபம்: எஞ்சினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிடுங்கள். ரோட்டாரைப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்புங்கள். ஒரு பக்கம் பிடிக்க வேண்டும், மறுபக்கம் விட வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தால் புல்லி போய்விட்டது. இரண்டு பக்கமும் விட்டால் பேட்டரி சார்ஜ் ஏறாது. செலவைக் குறைக்க அந்த இடத்தில் சாதாரணப் புல்லியைப் போட்டால் கீச் மட்டுமில்லாமல் பெல்ட்டுக்கும் டென்ஷனருக்கும் கூடுதல் உதையும் வரும்.

அடுத்தது டென்ஷனர். ஐடிலில் அதன் கை லேசாக நடுங்கலாம். துள்ளி அடித்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தானாக இறுக்கும் டென்ஷனர் இல்லாத பழைய வண்டிகளில் ஃபேன் பெல்ட்டைக் கையால்தான் இறுக்க வேண்டும். சத்தத்துக்குப் பயந்து அளவுக்கு மேல் இறுக்கினால் ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரம் போகும். கம்பெனி சொன்ன அளவே சரி.

பிறகு பெல்ட். பழைய ரப்பர் பெல்ட் தேய்ந்தால் வெடிப்பு விடும். இப்போதைய ஈ.பி.டி.எம். பெல்ட் அப்படி எளிதில் வெடிக்காது; டயர் போலத் தேயும். "வெடிப்பே இல்லையே" என்று நம்பி ஓட்டக் கூடாது. வரிப்பள்ளங்கள் அகன்றிருக்கின்றனவா, ஆயிலோ கூலன்ட்டோ பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கசிவை அடைக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் கெடும்.

ஐடிலிலும் சத்தம் இருந்தால் தண்ணீர்ச் சோதனை உதவும். பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. ஓடும் பெல்ட்டுக்கு அருகே லுங்கி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் போகக் கூடாது.

சோப்பு, மெழுகு, கடையில் விற்கும் ஸ்பிரே எதையும் பெல்ட்டில் போடாதீர்கள். அவை தூசியைப் பிடித்து வழுக்கலைக் கூட்டும், எச்சரிக்கையையும் மறைக்கும். மலைப்பாதையில் பெல்ட் அறுந்தால் வாட்டர் பம்ப் நின்று எஞ்சின் கொதிக்கும். சில சிறிய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்நேட்டரின் பின்னாலேயே இருக்கிறது. அங்கே பெல்ட் போனால் பிரேக் மிதி கல்லாகிவிடும். அந்த மிதியில் கால் வைத்திருப்பவர் உங்கள் டிரைவர். வண்டி உரிமையாளர்களே, அவர் "கத்துது" என்று சொன்ன அன்றே புல்லியையும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)