சுவரில் ஒரு கரிக்கோடு

எங்கள் சங்கரன்கோவிலில் பிள்ளை பயந்துவிட்டால் முதலில் கோமதி அம்மன் சந்நிதிக்குத்தான் ஓடுவோம். நெற்றியில் புற்றுமண் இட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். என் பேரனையும் அப்படித்தான் அழைத்துப் போனேன்.

ஏழு வயசு. மோட்டார் சைக்கிள் விபத்தில் அப்பா போன பிறகு அவன் பேச்சே நின்றுவிட்டது. ராத்திரி படுக்கையை நனைப்பான். “சின்னப் பிள்ளைதானே, மறந்திடும்” என்றார்கள். அவன் மறக்கவில்லை.

ஒரு நாள் வெள்ளையடித்த சுவரில் அடுப்புக்கரியால் ஒரு மோட்டார் சைக்கிள் வரைந்திருந்தான். அதில் ஆள் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “சுவரைப் பாழாக்கிட்டியேலே!” என்று அதட்டி, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

மனநல மருத்துவர்தான் என் கண்ணைத் திறந்தார். “வாயால சொல்ல முடியாததைக் கை சொல்லும்மா. தாளும் கிரேயானும் கொடுத்துட்டு, பக்கத்துல சும்மா உட்காருங்க” என்றார்.

தினமும் அதே வண்டி. மூன்றாவது வாரம் சாலையோரம் சிவப்பாக ஒரு வட்டம். “இந்தப் படத்தைப் பத்திச் சொல்லேன் ராசா” என்றேன்.

“பந்து ஆச்சி. நான்தான் கேட்டேன். அதை வாங்கத்தான் அப்பா போனாங்க.”

அத்தனை மாசமும் தன்னால்தான் அப்பா செத்தார் என்று அந்தப் பிஞ்சு நினைத்திருக்கிறது! “உன் மேல தப்பே இல்லைலே” என்று நானும், அவன் அம்மாவும், மருத்துவரும் எத்தனையோ முறை சொன்னோம். மெல்ல மெல்லத் தேறினான்.

இது புதிய வைத்தியம் இல்லை. காசநோய் விடுதியில் இருந்தபோது படம் வரைந்து ஆறுதல் கண்ட ஆங்கிலேய ஓவியர் அட்ரியன் ஹில், 1942-ல் இதற்கு ‘ஆர்ட் தெரபி’ என்று பெயர் வைத்தார். இலங்கையில் போர் நடந்த காலத்தில், 1996-ல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள்.

சகோதரிகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள்:

* “இது என்ன கிறுக்கல்?” என்று கேட்காதீர்கள். “இதைப் பத்திச் சொல்லு” என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.
* திருத்தாதீர்கள். மார்க் போடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.
* கறுப்பு வர்ணம் தீட்டினாலே மனக்கோளாறு என்று நீங்களே ஜோசியம் சொல்லாதீர்கள்.
* படங்களைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவருக்கு உதவும்.
* வீட்டில் வரைவது ஆறுதல்தான், சிகிச்சை ஆகிவிடாது. தூக்கமின்மை, பேச்சின்மை நீடித்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். ‘செத்துப் போறேன்’ என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

போன ஆடித்தபசு முடிந்ததும் அம்மன் தேரை வரைந்தான் பேரன். தேருக்குப் பக்கத்தில் அதே மோட்டார் சைக்கிள். இந்த முறை அதில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

சுவரில்தான் வரைந்தான். நான் துடைக்கவில்லை.