மயிலையின் திருத்தூதருக்குக் காணிக்கை நேர்ந்த மன்னர்

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடி ஏறுகிறது. அன்று முதல் செப்டம்பர் 8 வரை, பொருத்தனையைச் செலுத்த மக்கள் கால்நடையாக வந்தவண்ணம் இருப்பர். இவர்களைப் போலவே துன்ப வேளையில் நேர்ந்துகொண்டு, அதை நிறைவேற்ற நம் நாட்டை நோக்கி ஆள் அனுப்பிய ஆங்கில மன்னர் ஒருவர் உண்டு. அவரே மகா ஆல்பிரட்.

வெசெக்ஸ் அரசர் எதல்வுல்பின் கடைசி மகனாக, கி.பி. 849-இல் வான்டேஜ் என்னும் ஊரில் இவர் பிறந்தார். 853-இல் சிறு பாலகனாக ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, பாப்பரசர் நான்காம் சிங்கராயரைக் கண்டார். அண்ணன்மார் ஒருவர்பின் ஒருவராக ஆண்டு மறைந்தபின், 871-இல் அரசரானார்.

அந்நாளில் டேனியர் கடல் கடந்து வந்து நாட்டைச் சூறையாடினர். மடங்களையும் ஆலயங்களையும் கொளுத்தினர். 878 ஜனவரியில் அவர்களின் தலைவன் குத்ரம் திடீரெனத் தாக்கவே, மன்னர் சிலருடன் அதெல்னி சதுப்பு நிலத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. மே மாதம் படை திரட்டி எடிங்டனில் வென்றார். தோற்றவனை அவர் கொல்லவில்லை. குத்ரம் ஞானஸ்நானம் பெற்றபோது, ஆல்பிரட் தாமே ஞானத்தந்தையாக நின்றார்!

ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பேடு 883-ஆம் ஆண்டின்கீழ் ஒரு செய்தி தருகிறது. லண்டனில் பகைவரை எதிர்த்துப் பாளையமிறங்கியிருந்தபோது ஆல்பிரட் நேர்ந்துகொண்ட காணிக்கைகளை, சிகெல்ம், எதல்ஸ்டன் ஆகிய இருவர் ரோமைக்கும், இந்தியாவிலுள்ள புனித தோமையார், புனித பர்த்தலோமேயு ஆகியோருக்கும் கொண்டு சென்றனராம்.

மயிலாப்பூர் என்ற பெயர் அவ்வேட்டில் இல்லை. சில பிரதிகளில் 'இந்தியா' என்பதற்குப் பதில் 'யூதேயா' என்றும் உள்ளது. ஆகவே தூதர் இங்கு வந்து சேர்ந்தனரா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். சிகெல்ம் இந்தியா சென்று இரத்தினங்களுடன் திரும்பினார் என்று 12-ஆம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரி வில்லியம் என்னும் துறவி எழுதினார். தோமையாரின் கல்லறை மயிலையில் உள்ளது என்பதோ நம் முன்னோர் காத்துவந்த மரபு.

வெற்றி கிடைத்தபின் ஆல்பிரட் ஓய்ந்திருக்கவில்லை. நாடெங்கும் கோட்டை நகர்களை அமைத்தார். பத்துக் கற்பனைகளை முகப்பில் வைத்துச் சட்ட நூல் தொகுத்தார். நோயால் வருந்தியும், நாற்பதை நெருங்கும் வயதில் இலத்தீன் பயின்றார். பாப்பரசர் புனித கிரகோரியாரின் மேய்ப்புப் பணி நூலைத் தாய்மொழியில் பெயர்த்து ஆயர்களுக்கு அனுப்பினார். 899 அக்டோபர் 26-இல் மறைந்தார்.

அன்பர்களே, ஆபத்தில் நேர்ந்துகொள்வது எளிது; ஆபத்து நீங்கியபின் அதை நினைவில் வைப்பதே அரிது. முடி தரித்தவர் தம் வாக்கை மறக்கவில்லை. கொடி இறங்கிய மறுநாள் நாம் அன்னைக்குச் சொன்ன சொல் நம் நினைவில் நிற்கிறதா?